பகானில் ராஜேந்திரனைத் தேடாதீர்கள்

பர்மாவின் பழைய ராஜதானி பகானில் ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது என்று நம் ஆட்களிடம் பேச்செடுத்தால் போதும், "அது ராஜேந்திர சோழன் கட்டினதுதானே" என்று ஒருவர் ஆரம்பித்துவிடுவார். ரங்கூனிலும் சரி, எங்கள் தட்டோனிலும் சரி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பாருக்கு முன்னாலேயே இந்தப் பேச்சு வந்துவிடும். வாட்ஸப்பில் சுற்றுகிற படங்களில் கோயிலுக்குப் பக்கத்திலே புலிக்கொடியையும் ஒட்டி வைத்திருப்பார்கள்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. சுதை வேலைக்காரன். கோபுரத்திலும் விமானத்திலும் பொம்மை கட்டுவது எங்கள் தொழில், அப்பா காலத்திலிருந்து. ஒரு கட்டடத்தைப் பார்த்தால் அதை எந்த ராஜா கட்டினான் என்று எனக்குத் தெரியாது. எந்த மாதிரிக் கொத்தனார் கட்டினான் என்பது ஓரளவு தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போவதற்கு ஒரு சாக்கும் வாய்த்தது. பெகு பக்கத்தில் ஒரு கிராமத்துப் பெருமாள் கோயிலில் திருப்பணி. விமானத்தைச் சுற்றித் தசாவதாரம் வைக்க வேண்டும் என்றார் தர்மகர்த்தா ஐயா. பலராமரை வைப்பதா புத்தரை வைப்பதா என்று கமிட்டிக்குள் இழுபறி. தமிழ்நாட்டு வழக்கப்படி பரசுராமர், ராமர், பலராமர், கிருஷ்ணர், கல்கி என்று முடித்துவிடலாம். ஆனால் கமிட்டியில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கும் பௌர்ணமிக்குப் பயா என்கிற புத்தர் கோயிலுக்கும் போகிறவர்கள். பர்மாவில் நம் கோயில்கள் பலவற்றில் புத்தருக்கும் ஒரு மாடம் உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் அது விநோதம். "பகான்ல அந்தக் காலத்துலேயே பத்து அவதாரம் செஞ்சு வச்சிருக்கான். போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுப்பா" என்று ஐயா சொல்ல, நானும் தங்கை மகனும் ராத்திரி பஸ் ஏறினோம்.

பகான் வறண்ட பூமி. கீழ்ப்பர்மாவின் மழையிலும் சேற்றிலும் வளர்ந்த எங்களுக்கு அது வேறு நாடு மாதிரி இருந்தது. செம்மண், முள்ளுச்செடி, எங்கே பார்த்தாலும் பனைமரம். சாலை ஓரத்தில் கருப்பட்டி காய்ச்சி விற்கிறார்கள். ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து வந்த எங்கள் தாத்தா இதைப் பார்த்திருந்தால் தட்டோனுக்கே போயிருக்கமாட்டார் என்று மருமகனிடம் சொன்னேன். அவன் ஈ-பைக்கை மணலில் சறுக்காமல் ஓட்டுவதில் கவனமாக இருந்தான். இந்தச் சமவெளியில் 3,500க்கும் மேற்பட்ட கோயில், தூபி, விகாரை, இடிபாடு இருக்கின்றன. 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அத்தனையிலும் இந்துக் கோயிலாகக் கட்டி, அப்படியே இன்றைக்கும் நிற்பது நட்லாங் கோயில் ஒன்றுதான்.

பழைய மதிலுக்கு உள்ளே, தட்பியின்யூ என்கிற வானளாவிய கோயிலுக்குக் கொஞ்சம் மேற்கே இருக்கிறது அது. பக்கத்துக் கோயிலின் உயரத்தில் கண் போய்விடும், கவனிக்காமல் தாண்டிவிடலாம். சதுரமான செங்கல் கட்டடம், மேலே தட்டுத்தட்டாகக் குறுகிப் போகிற கூரை, அதன்மேல் சிகரம். முன்னால் இருந்த மண்டபம் போய்விட்டது. வெளிச்சுவர் முழுக்கச் சாந்து உதிர்ந்து செங்கல் தெரிகிறது.

வாசலில் பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாள், கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசியவர், எங்களைப் பார்த்ததும் கதை சொல்ல ஆரம்பித்தார். அனவரத்தா ராஜா புத்த மதத்தைக் கொண்டுவந்தபோது நாட்டிலிருந்த நட் தேவதைகளை எல்லாம் இதற்குள் போட்டு அடைத்துவிட்டாராம். "அப்ப இன்னமும் உள்ள இருக்காங்களா?" என்று மருமகன் பர்மிய மொழியில் கேட்டான். "நீங்க கொய்யா வாங்கிட்டுப் போனா ஒண்ணும் பண்ணமாட்டாங்க" என்றார். வாங்கினோம்.

இப்போது ராஜேந்திரன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் கப்பல்படை 1025 வாக்கில் கடாரத்தை அடித்தது உண்மை. மெய்க்கீர்த்தியில் வருகிற மாப்பப்பாளம் கீழ்ப்பர்மாவில்தான் இருந்தது என்று எழுதிய அறிஞர்கள் உண்டு. பெகுவில் கிடைத்த கருங்கல் தூண்களை அவன் நட்ட வெற்றித்தூண் என்றே ஆங்கிலேயர் காலத்துத் தொல்லியல்காரர்கள் சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை. எதை ஏற்றுக்கொண்டாலும் அதெல்லாம் கடலோரத்துக் கதை. பகான் ஐராவதியில் வெகுதூரம் மேலே இருக்கிறது. ராஜேந்திரன் கண்மூடிய அதே 1044இல்தான் அனவரத்தா பகானில் பட்டத்துக்கு வந்தான். பர்மியக் கர்ணபரம்பரை இந்தக் கோயிலை அனவரத்தாவுக்கும் முந்தின ஒரு ராஜாவின் பெயரில் சொல்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் 11ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். இரண்டிலும் சோழன் இல்லை.

ஆண்டுக் கணக்கை விடுங்கள், எனக்குக் கட்டடமே போதும். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். செங்கலை விசிறி மாதிரி சாய்த்து அடுக்கி வளைவு போட்டிருக்கிறான். சோழ நாட்டுக் கோயில் எதிலாவது இப்படி வளைவு பார்த்திருக்கிறீர்களா? அங்கே தூண், தூணுக்கு மேல் போதிகை, போதிகைக்கு மேல் உத்தரம், அதன்மேல் பலகைக்கல். அகலம் கூடினால் தூணைக் கூட்டுவார்கள். வளைத்துக் கட்டுகிற புத்தி நம் ஸ்தபதிக்கு வராததில்லை, அவனுக்குத் தேவைப்படவில்லை. கையில் கருங்கல் இருந்தது. பகான்காரனுக்கு இருந்தது செங்கல். பெரிசு பெரிசாக, தட்டையாகச் சுட்ட செங்கல். நடுவில் மெல்லிசாக மண் சாந்து. இணைப்புகளில் கத்தி நுழையாது. சில செங்கல்களில் அதை அறுத்துச் சுட்டு அனுப்பிய கிராமத்தின் பெயரைக்கூட அச்சடித்திருப்பார்கள். அத்தனையும் இந்த மண்ணின் வித்தை. சோழனின் ஆள் வந்து கட்டியிருந்தால் அவன் உத்தரம்தான் போட்டிருப்பான்.

நடுவிலே கனத்த சதுரத் தூண், கட்டடத்தையே தாங்குகிற மாதிரி. அதன் பக்கங்களில் நின்ற கோலத்தில் விஷ்ணு. இங்கேதான் நான் ரொம்ப நேரம் நின்றேன். உடம்பெல்லாம் செங்கல், மேலே சாந்து பூசி முடித்த பொம்மை. எங்கள் வேலையும் இதேதான். முதலில் செங்கலை உடைத்து அடுக்கிக் கரு கட்டுவோம். தோள் எங்கே, இடுப்பு எங்கே என்று அப்போதே தீர்ந்துவிடும். பிறகு முரட்டுப் பூச்சு, அதன்மேல் நைசுப் பூச்சு, அப்புறம் கண் திறப்பது. ஜனங்கள் பார்ப்பது கடைசியாகப் பூசின அரை அங்குலத்தை மட்டும். இங்கே அந்த அரை அங்குலம் பெரும்பாலும் போய், அவன் முதல் நாள் கட்டின கரு தெரிகிறது. தோளுக்கு ஒரு செங்கலைக் குறுக்கே விட்டு, அதன் நுனியைச் செதுக்கிச் சரிவு கொடுத்திருக்கிறான். பின்னங்கைகள் ஒடிந்த இடத்தில் செங்கல் எவ்வளவு ஆழம் உள்ளே போகிறது என்பதுவரை பார்க்கலாம். கோயில் பளபளவென்று இருந்திருந்தால் இதில் ஒன்றுமே எனக்குக் கிடைத்திருக்காது. பக்தர்கள் அடிக்க வரலாம், ஆனால் தொழில்காரனுக்கு இடிந்த கோயில்தான் பள்ளிக்கூடம்.

இங்கே கருடன்மேல் அமர்ந்த விஷ்ணு சிலை ஒன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது ஜெர்மனிக்குப் போய்விட்டது. அதைப் பற்றிப் பேசினால் ரத்தக்கொதிப்பு ஏறும், விட்டுவிடுகிறேன்.

அவதாரங்கள் வெளிச்சுவர் மாடங்களில் இருக்கின்றன. பத்தில் ஏழு மிச்சம். மழையிலும் வெயிலிலும் நின்று முகம் தேய்ந்துவிட்டது. வராகர், நரசிம்மர் போன்றவர்களை உடல் அமைப்பை வைத்தே சொல்லிவிடலாம். புத்தரையும் அவதாரமாகவே சேர்த்திருக்கிறார்கள். போனில் ஐயாவிடம் சொன்னேன்: "புத்தர் இருக்காருங்கய்யா, பத்துல ஒருத்தரா." மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப பலராமரையும் விட்டுடாதே. ரெண்டு பேரையும் வச்சுடு. பதினொண்ணா இருந்தா பெருமாள் கோவிச்சுக்கவா போறார்" என்றார். பதினொன்றுக்கும் பத்துப் பொம்மைக் கூலிதானா என்று கேட்க நாக்கு வரை வந்தது. பெரியவர், கேட்கவில்லை. ஊருக்கு வந்துதான் கேட்டேன்.

இந்தக் கோயிலோடு சேர்ந்த அனந்தசயனச் சிற்பம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் முறையில் பெருமாள் படுத்திருப்பார், உந்தியிலிருந்து ஒரு தாமரை, அதில் பிரம்மா. அவ்வளவுதான். பகான் சிற்பத்தில் மூன்று தாமரை கிளம்புகிறது. ஒன்றில் பிரம்மா, ஒன்றில் விஷ்ணு, ஒன்றில் சிவன். படுத்திருப்பவரும் விஷ்ணு, பூவில் இருப்பவரும் விஷ்ணு! எங்கள் தட்டோனில் கிடைத்த பழைய அனந்தசயனக் கல்லிலும் இதே மூன்று தாமரைதான். காஞ்சிபுரத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வரைபடம் கொண்டுவந்து செய்திருந்தால் இப்படி வந்திருக்காது. கேட்ட கதையை இந்த ஊர்க்காரன் தன் இஷ்டத்துக்குச் செய்திருக்கிறான். நன்றாகவும் செய்திருக்கிறான்.

அப்படியானால் இங்கே நம் ஆள் யாருமே இல்லையா? இருந்தான். அவனைப் பார்க்கத் தெற்கே மியின்கபா கிராமத்துப் பக்கம் போக வேண்டும்.

மியின்கபா இப்போது அரக்குப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். வீட்டுக்கு வீடு மூங்கிலைச் சீவிக் கூடை பின்னி, அதன்மேல் கறுப்பு அரக்கை மெழுகி, காயவைத்து, மறுபடி மெழுகிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நல்ல கிண்ணம் முடிய மாதக்கணக்கில் ஆகும். அந்த வீடுகளுக்கு நடுநடுவே ஆயிரம் வருஷத்துக் கட்டடங்கள். எங்கள் ஊர் ராஜாவும் இங்கேதான் இருக்கிறார், அதாவது அவர் பெயரில் ஒரு கோயில். அனவரத்தா 1057இல் தட்டோனைப் பிடித்து மனுஹா ராஜாவைச் சிறையெடுத்து வந்ததாகப் பர்மிய நாளாகமங்கள் சொல்கின்றன. மனுஹா கோயிலில் புத்தர்கள் தலை கூரையில் இடிக்க, தோள் சுவரில் முட்ட, நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். "மாமா, தட்டோன்காரங்களுக்கு அப்பவே இடவசதி பத்தலை" என்றான் மருமகன். அதை ஒட்டிய நன்பயா கோயிலில் நான்கு தூண்களிலும் மணற்கல்லில் பிரம்மா, இரண்டு கையிலும் தாமரைத் தண்டு பிடித்து. அந்தக் கல் வேலையின் நைசைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இந்த மியின்கபாவில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. ஹுல்ட்ஷ் என்கிற ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் எபிகிராபியா இண்டிகாவின் ஏழாம் தொகுதியில் அதை வெளியிட்டார். எழுத்தின் வடிவை வைத்து 13ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ஆரம்பத்தில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதச் சுலோகம், முகுந்தமாலையிலிருந்து. அதன் கீழே தமிழ். அதன் சாரம் இது: புக்கம் என்கிற அரிவத்தனபுரத்திலே நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்குத் திருமண்டபம் செய்து, திருக்கதவும் இட்டு, அந்த மண்டபத்தில் நின்று எரிவதற்கு நிலைவிளக்கு ஒன்றும் வைத்தேன், நான் மலைமண்டலத்து மகோதையர்பட்டணத்து இராயிரன் சிறியான் என்ற குலசேகர நம்பி.

புக்கம்தான் பகான். மலைமண்டலம் என்றால் இன்றைய கேரளம், மகோதையர்பட்டணம் கொடுங்கல்லூர். நானாதேசி என்பது பல தேசம் போய் வியாபாரம் செய்த வணிகர் கூட்டம். ஆக, கொடுங்கல்லூர்க்காரர் ஒருவர் கப்பலில் வந்து, ஆற்றில் ஏறி, இந்தப் பனங்காட்டு ராஜதானிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். வியாபாரிகள் தங்களுக்கென்று வைத்திருந்த பெருமாள் கோயிலுக்குத் தன்னால் ஆனதைச் செய்து, செய்ததைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார். நட்லாங்தான் அந்த விண்ணகர் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கல் கிடைத்த இடம் வேறு, கட்டடம் கல்வெட்டைவிட ரொம்ப மூத்தது. அதனால் நான் அடித்துச் சொல்லமாட்டேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது அந்த விளக்கு வரியில். நம் கோயில்களில் டியூப் லைட் உபயம் பார்த்திருப்பீர்களே! வெளிச்சமே வராத அளவுக்குப் பெயர், தகப்பனார் பெயர், பூர்வீக ஊர் எல்லாவற்றையும் சிவப்பு பெயிண்டில் எழுதியிருப்பார்கள். குலசேகர நம்பி அதே ஜாதி. மண்டபம், கதவு, விளக்கு ஒன்று. இன்ன ஊர், இன்னார் உபயம். ரங்கூனில் 1871இல் நம் முன்னோர் கட்டின காளியம்மன் கோயில், அனவரத்தா பெயரில் இருக்கிற சாலையிலேயே நிற்கிறது. அதையும் எந்தப் படையும் வந்து கட்டவில்லை. பிழைக்க வந்தவர்கள் காசு சேர்த்துக் கட்டினது. நமக்குப் பகானில் சொந்தம் கொண்டாட ஆசை இருந்தால் இந்த நம்பியிடம்தான் கொண்டாட வேண்டும். நாட்டை வென்றதாக அவர் எங்கும் சொல்லவில்லை. கதவு போட்டேன் என்கிறார், எனக்கு அது பிடித்திருக்கிறது. திறந்து கிடக்கிற மண்டபத்தில் நாய் ஏறிப் படுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

திரும்புகிற வழியில் குப்யாவுக்ஜீ கோயில். சன்சித்தா ராஜாவின் மகன் ராஜகுமார் 1113இல் எழுப்பினது. பக்கத்திலேயே பியூ, மொன், பர்மியம், பாலி என்று நான்கு மொழியில் அவன் வெட்டின கல். உள்ளே சுவரோவியம், டார்ச் இல்லாமல் ஒன்றும் தெரியாது. ஓவியத்தை மற்றவர்கள் பார்க்கட்டும், நான் வெளிச்சுவரைச் சுற்றினேன். கார்னிஸுக்குக் கீழே வரிசையாகக் கீர்த்திமுகம், வாயிலிருந்து முத்துச்சரம் கக்குகிறது. ஒவ்வொரு முத்தும் தனித்தனியாக, சுண்ணாம்புச் சாந்தில். தொள்ளாயிரம் வருஷ மழைக்கு நின்றிருக்கிறது! நான் சிமெண்டில் செய்த யாளி வாயில் பத்தாவது வருஷத்திலேயே விரிசல் ஓடுகிறது.

சிமெண்ட் கெட்டி என்பதுதான் அதன் கோளாறு. பழைய செங்கல் மெது. ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்தும் அப்படித்தான். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சிமெண்ட் நிற்கும், பின்னால் செங்கல் மாவாகும். பகானிலேயே 1990களில் அவசர அவசரமாகப் புதுச் செங்கலும் சிமெண்டும் வைத்துப் பல கோயில்களுக்குத் தலை கட்டினார்கள். 2016 ஆகஸ்ட் பூகம்பத்தில் பல இடங்களில் விழுந்தது அந்தப் புதுத் தலைதான். அப்பா சுண்ணாம்பை மாதக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டு அரைக்கச் சொல்வார். இப்போது யார் அத்தனை மாதம் காத்திருக்கிறார்கள்? கும்பாபிஷேகத் தேதி குறித்துவிட்டுத்தான் என்னையே கூப்பிடுகிறார்கள்.

இதில் நம்மவர்கள் செய்கிற ஒரு காரியம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி என்றால், பழைய சுதையைக் கொத்தி எறிந்துவிட்டுப் புதுசு வைப்பது என்றே அர்த்தமாகிவிட்டது. எனக்கு அதனால்தான் கூலி கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நூறு வருஷக் கோயில் என்று நோட்டீஸ் அடிக்கிற இடத்தில் நூறு வருஷத்துச் சாமான் ஒன்றுகூட இருப்பதில்லை. பொம்மையாவது போகட்டும், உபயக் கல்லையும் பெயர்த்து எறிகிறார்கள். ஒரு கிராமத்துக் கோயிலில் மடைப்பள்ளிக்குப் பின்னால் பாத்திரம் விளக்குகிற கல் எழுத்து எழுத்தாக இருக்கிறதே என்று திருப்பிப் பார்த்தேன். வெள்ளைச் சலவைக்கல். பெயர் பாதி தேய்ந்துவிட்டது, ஊர்ப் பெயரில் கடைசி இரண்டு எழுத்து மிச்சம். "காண்டாமணி ஒன்று உபயம்" என்பது மட்டும் தெளிவாக இருந்தது. மணி எங்கே என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கல்லைக் கழுவி உள் பிராகாரச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போகும்போது மறுபடி மடைப்பள்ளிக்கே போயிருக்கவும் கூடும்.

பெகு, தட்டோன், மோல்மீன், டெல்டா கிராமங்கள், எங்கே இருந்தாலும் சரி, உங்கள் ஊர்க் கோயிலில் இந்த மாதிரிக் கல், பழைய சுதை, மரக்கதவு ஏதாவது இருந்தால் திருப்பணிக்குப் பாலாலயம் வைப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எழுத்து இருந்தால் மேலே கோலமாவு தூவித் துடைத்துவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற மாதிரி எடுங்கள், நன்றாகப் படிக்கலாம். பகான் போகிறவர்கள் கார்த்திகை, மார்கழியில் போங்கள். சித்திரை வெயிலில் அந்தச் செங்கல் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க முடியாது.